வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை அது ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும். 2016 வாக்கில் வாங்கிய கணினி இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தக் கணக்கில் அது காலாவதி. இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. விசிறி சுற்றுகிறது, திரை பளிச்சென்று இருக்கிறது, கணக்குப் போடும் வேகத்திலும் குறையில்லை. அப்படிப்பட்ட பெட்டியைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளுவது வீண் செலவு; மின்கழிவு மேட்டில் ஏறும் இன்னொரு சுமை. அதற்கு முன் செய்து பார்க்கவேண்டியது ஒன்று உண்டு என்பதால்தான் இந்தச் சோதனை.

சோதனைக்கு எடுத்தது கோர் ஐ3-6100 சிப் கொண்ட மேசைக் கணினி. இரண்டு கோர், நான்கு த்ரெட், 3.7 கிகாஹெர்ட்ஸ். ராம் 8 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது; சிப்புக்குள் இருக்கும் எச்டி 530தான். பழைய ஹார்டு டிஸ்க்கை ஃபோட்டோவுக்கும் பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டு, இயங்குதளத்துக்கு மட்டும் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லவேண்டும்: எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் தொகுப்பு, என்று மண்டையைக் குடைவதற்கு முன் எஸ்எஸ்டி போடுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் எந்த லினக்ஸும் சுறுசுறுப்பாக இருக்காது. எஸ்எஸ்டியில் எல்லாமே ஓடும்.

நிறுவுவதற்கான பெண்டிரைவ் விஷயத்தில் வென்டாய் என்ற கருவி பெரிய உதவி. ஒருமுறை அதைப் பெண்டிரைவில் ஏற்றிவிட்டால், அதன்பின் ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சாதாரணமாக நகலெடுத்துப் போட்டால் போதும். கணினியைத் தொடங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெண்டிரைவை அழித்து எழுதும் வேலை இல்லை. பெரும்பாலான டிஸ்ட்ரோக்களைப் பெண்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸில் ஒரு எழுத்துகூட மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்பதை அந்த நிலையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அதோடு முடிவெடுத்துவிடக் கூடாது. ஒரு டிஸ்ட்ரோவின் குணம் நிறுவிய அன்று தெரிவதில்லை. அப்டேட்டுகள் வந்து இறங்கத் தொடங்கிய பிறகே தெரியும்.

லினக்ஸ் கர்னல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அதே கர்னலின் வெவ்வேறு பதிப்புகள். லிப்ரெ ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி ஆகியவையும் எங்கும் கிடைக்கும். அப்படியானால் எது மாறுகிறது? கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் மாறுகிறது. அப்டேட் வரும் வேகம் மாறுகிறது. ஏதாவது உடைந்தால் திரும்பி வருவதற்கான வழி மாறுகிறது. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் வீட்டுக் கணினிக்கு மற்ற இரண்டுமே முக்கியம். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வீடு வேறு, இல்லாத வீடு வேறு.

முதலில் லினக்ஸ் மிண்ட், 22ஆம் வரிசை, சின்னமன் டெஸ்க்டாப்போடு. 2006இல் க்ளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கிய இந்த டிஸ்ட்ரோ, உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகியவர்கள் ஐந்து நிமிடத்தில் வழி கண்டுபிடித்துவிடுவார்கள். என் அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பழைய மாதிரியேதானேப்பா இருக்கு, என்னத்த மாத்துன?" என்று கேட்டார். இதைவிட நல்ல சான்றிதழ் ஒரு டெஸ்க்டாப்புக்குக் கிடைக்காது என்பது என் கருத்து.

இந்தப் பழைய மாதிரியை அவர்கள் பிடித்து வைத்திருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011இல் நோம் டெஸ்க்டாப் தன் மூன்றாம் பதிப்பில் பட்டையையும் மெனுவையும் எடுத்துவிட்டு முற்றிலும் வேறு வடிவத்துக்குப் போனது. பிடிக்காதவர்கள் பலர். சிலர் பழைய நோமின் நிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மிண்ட் குழுவோ நோம் 3இன் நுட்பத்தின் மேல் பழைய வடிவத்தைக் கட்டி, அதற்குச் சின்னமன் என்று பெயரிட்டது. புழங்கி வந்த வழக்கத்தை மாற்றவேண்டாம் என்று பயனர்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதன் பலன் இன்றும் தெரிகிறது.

நிறுவும்போது மீடியா கோடெக்குகளும் வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கிறது. அதில் டிக் போட்டால் எம்பி4 படம் முதல் எதுவும் தேடாமல் ஓடும். அப்டேட் மேனேஜர் ஒரு சின்னக் கேடய வடிவில் பட்டையில் உட்கார்ந்திருக்கும். தொந்தரவு செய்யாது, நமக்கு நேரமிருக்கும்போது அழுத்தினால் வேலையை முடித்துக்கொள்ளும். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. அப்டேட்டுக்கு முந்தைய நிலையைப் படம்பிடித்து வைத்து, தேவைப்பட்டால் அங்கே திருப்பிவிடும். ஆனால் அது தானாக இயங்குவதில்லை, முதல் நாளே நாம் முடுக்கிவிட வேண்டும். வரவேற்புத் திரையில் அதற்கான பொத்தான் இருக்கிறது. பலர் அந்தத் திரையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். போகாதீர்கள்.

ராம் செலவு, எதையும் திறக்காத நிலையில், ஒரு ஜிபியை ஒட்டியே நின்றது. வார்ப்பினேட்டர் என்று இன்னொரு சின்னக் கருவி: ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கிடையே ஃபைல்களைத் தூக்கிக்கொடுக்கும். பெண்டிரைவை மாற்றி மாற்றிச் செருகும் வேலை வீட்டில் நின்றேபோனது.

அடுத்து உபுண்டு 24.04. 2004 முதல் லினக்ஸை வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமை இதற்கு உண்டு. மார்க் ஷட்டில்வர்த்தின் கேனனிக்கல் நிறுவனம் நடத்துகிறது. வன்பொருள் அடையாளம் காண்பதில் குறை சொல்ல எதுவுமில்லை. பெரிய பலம் ஆதரவுக் காலம்: வழக்கமான ஐந்து ஆண்டுகளுக்கு மேல், உபுண்டு ப்ரோ கணக்கு ஒன்றைத் திறந்தால் மொத்தம் பத்து ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். வீட்டில் இருக்கும் எல்லாப் பெட்டிக்கும் அது போதும்.

எனக்கு ஒத்துவராதது ஸ்னாப். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாகத்தான் வருகிறது. டெர்மினலில் பழைய முறையில் ஆப்ட் வழியாக நிறுவச் சொன்னாலும் வந்து இறங்குவது ஸ்னாப்தான். பொதி சுருக்கப்பட்ட ஒரு கோப்பாக ஏற்றப்படுவதால் கணினியைத் தொடங்கியபின் முதல்முறை திறக்கும்போது தாமதமாகிறது. எஸ்எஸ்டியில் அது ஓரிரு மூச்சு நேரம். ஹார்டு டிஸ்க்கில் பொறுமையைச் சோதிக்கும். மிண்ட் இதே உபுண்டுவின் மேல் நின்றுகொண்டு ஸ்னாப்பை மட்டும் தள்ளிவைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸை வழக்கமான பொதியாகவே தருகிறது. ஒரு பயனர் எந்த வழியில் ஒரு செயலியைக் கேட்டாரோ அந்த வழியில் அதைக் கொடுப்பதே மரியாதை என்று நினைக்கிறேன். அந்த விஷயத்தில் என் ஓட்டு மிண்ட்டுக்கு.

ஃபெடோரா வேறு உலகம். ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் 2003 முதல் வருவது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பதின்மூன்று மாத ஆதரவு. லினக்ஸில் அடுத்து எது வரப்போகிறதோ அது பெரும்பாலும் இங்கேதான் முதலில் வருகிறது. சாளரங்களைத் திரையில் காட்டும் வேலண்டை 2016இலேயே நோமின் இயல்பாக்கியது ஃபெடோரா. ஒலிக்குப் பைப்வயரை 2021இல் கொண்டுவந்ததும் அதுவே. அந்தப் புதுமை கையில் தெரிகிறது. சாளரங்கள் நகரும்போது கிழிசல் இல்லை. டச்பேட் உள்ள மடிக்கணினியில் மூன்று விரலால் தள்ளினால் பணியிடங்கள் விரலோடு ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. ராமின் ஒரு பகுதியையே சுருக்கி ஸ்வாப் போலப் பயன்படுத்தும் இசட்ராம் ஏற்பாடும் முதலிலிருந்தே இயங்குகிறது. பிரவுசரில் ஏகப்பட்ட தாவல்களைத் திறந்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு 8 ஜிபியில் அது தெரிந்த உதவி.

ஆனால் கோடெக். காப்புரிமைச் சிக்கலால் எச்264 போன்றவற்றை முழுமையாக ஃபெடோரா தன்னோடு தருவதில்லை. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்துத்தான் பெறவேண்டும். சில கட்டளைகள்தான், கஷ்டமில்லை. சிப்பில் இருக்கும் வீடியோ பகுதியைப் பயன்படுத்துவதற்கான இன்டெல் டிரைவரும் முழு வடிவில் அங்கிருந்துதான் வருகிறது. அதைப் போடாமல் கல்யாண வீடியோவைத் திறந்தால், பிளேயர் அதை ஓட்ட மறுக்கலாம். ஓடினாலும் சுமை முழுவதும் சிப்பின் பொதுக் கோர்கள்மேல் விழும். இதைத் தெரிந்தவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். தெரியாதவர்கள் லினக்ஸில் படம் ஓடாது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

நோம் டெஸ்க்டாப் எனக்குப் பிடிக்கிறது. வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. ஃபெடோரா தரும் இயல்பு நோமில் சாளரத்தின் மேல் மூலையில் மூடும் பொத்தான் மட்டும்தான் இருக்கும். சிறிதாக்கும் பொத்தான் கிடையாது. நான்கு பேர் புழங்கும் கணினியில் அந்த ஒரு பொத்தானுக்காக நால்வருக்கும் பாடம் எடுக்கவேண்டும். 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42 முதல் கேடிஇயின் பிளாஸ்மா டெஸ்க்டாப்புக்கும் முழுப் பதிப்பு என்ற அந்தஸ்து கிடைத்திருக்கிறது. அதில் வழக்கமான பட்டையும் பொத்தான்களும் உண்டு. கேடிஇ கனெக்ட் மூலம் ஆண்ட்ராய்டு போனை இணைத்துக்கொள்ளலாம். போனில் எடுத்த படம் வயரில்லாமல் கணினிக்கு வருகிறது; கணினியில் நகலெடுத்த வரி போனில் ஒட்டுகிறது. ஃபெடோராவை வீட்டில் வைப்பதென்றால் பிளாஸ்மாவோடு வைப்பேன்.

டெபியன் 13 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் சிறப்பு. 2025 ஆகஸ்டில் வெளியானது. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு போட்டால் மிண்டைவிடக் குறைந்த ராமில் அடங்குகிறது. வைஃபைக்குத் தேவையான ஃபர்ம்வேர்களை முந்தைய பதிப்பிலிருந்தே நிறுவியோடு சேர்த்துத் தருவதால், முன்பிருந்த பெரிய தலைவலி போய்விட்டது. ஒரு குறிப்பு மட்டும்: வழக்கமான நிறுவியில் ரூட் கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டால் நம் கணக்குக்கே நிர்வாக உரிமை கிடைக்கும். அங்கே எதையாவது அடித்துவிட்டால் அந்த உரிமையைப் பிறகு கையால் சேர்க்கவேண்டி வரும். அப்டேட் என்றால் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. செயலிகள் பழையனவாகவே நிற்கும். யாரும் தொடாமல் ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டிய கணினிக்கு இதைவிட நம்பகமானதை நான் பார்க்கவில்லை.

ஓப்பன்சூசே டம்பிள்வீட்டை ஆர்வத்துக்காகப் போட்டேன், மதிப்போடு எடுத்தேன். இதில் பதிப்பு எண்ணே கிடையாது, புதியது வந்துகொண்டே இருக்கும். அடிப்படைக் கருவிகள் மாறும் வாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் ஒரே மூச்சில் இறங்கும். ஆனால் ஒவ்வோர் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு நிலையைத் தானாகவே பதிந்துவைக்கிறது. நாம் எதையும் முடுக்கவேண்டியதில்லை. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை. திரும்பத் தொடங்கியபோது டெஸ்க்டாப் வரவில்லை. தொடக்க மெனுவிலேயே முந்தைய நிலைகளின் பட்டியல் இருந்தது. ஒன்றைத் தேர்ந்தேன், கணினி எழுந்தது, அந்த நிலையையே நிரந்தரமாக்க ஒரு கட்டளை போதுமாயிருந்தது. கோடைக்கால மின்வெட்டு தெரிந்த வீட்டுக்கு இது அலங்காரமல்ல, தேவை. ஃபெடோராவும் இதே கோப்பு முறைமையைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் இந்தத் தானியங்கிப் பதிவை இயல்பாகத் தருவதில்லை. அந்த வாய்ப்பை அவர்கள் ஏன் இன்னும் வீணாக்குகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டு வீட்டில் ஒரு கணினி தமிழ் எழுதவில்லை என்றால் மற்ற சிறப்புகளால் என்ன பயன்? படிப்பதில் எங்கும் பிரச்சினை இல்லை. நோட்டோ, லோஹித் எழுத்துருக்களில் ஒன்றாவது இருந்துவிடுகிறது. இல்லையென்றால் நிறுவ நிமிடம் ஆகாது. எழுதுவதில்தான் கவனம் வேண்டும். விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட் 99 என்று ஒரு தளவமைப்பு கண்ணில் படும். அதைச் சேர்த்துக்கொண்டு, புள்ளி தானாக விழவில்லையே என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அது விசைக்கு ஒரு எழுத்து என்று ஒட்டிவைத்த வெறும் வரைபடம். முன்னால் எதை அடித்தோம் என்பது அதற்குத் தெரியாது. ம என்ற விசையை இரண்டு முறை தட்டினால் ம்ம என்று வருவதற்கு உள்ளீட்டு முறை ஒன்று நடுவில் இருந்து கவனிக்கவேண்டும். ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் 5, அதோடு எம்17என் பொதி. இந்த இரண்டும் இருந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் சரியாக இயங்குகின்றன.

மிண்டில் இதற்கென்றே இன்புட் மெதட் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. தமிழைத் தேர்ந்தால் எந்தப் பொதி வேண்டும் என்று அதுவே சொல்கிறது. உபுண்டு, ஃபெடோரா நோமில் அமைப்புகளுக்குள் விசைப்பலகைப் பகுதியில் சேர்த்தால் முடிந்தது. பிளாஸ்மாவில், வேலண்ட் அமர்வில், எஃப்சிடிஎக்ஸை நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பகுதிக்குள் போய் அதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தமிழ் தட்டச்சுக்கும் அந்தத் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று யாருக்கும் தோன்றாது. இந்த இடத்தில் கேடிஇ கொஞ்சம் மனது வைக்கவேண்டும்.

மெனுக்களையே தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். எல்லா டிஸ்ட்ரோவிலும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே வருகின்றன, மொழிபெயர்ப்பு முழுமையடையவில்லை. இது தன்னார்வலர்கள் செய்யும் வேலை. நேரம் உள்ள தமிழ் வாசகர்கள் கைகொடுத்தால் நேரடியாகப் பலன் தெரியும் இடம் இதுதான்.

இன்னொன்று: வெளியிலிருந்து வரும் வேர்டு கோப்புகள். லதா எழுத்துருவில் அமைத்த கோப்பை லிப்ரெ ஆபீஸில் திறந்தால் வேறு எழுத்துரு மாற்றாக வந்து அமர்கிறது. அகலம் மாறுவதால் பக்கங்கள் தள்ளிப்போகின்றன. படிக்கச் சிரமமில்லை, அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது. பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்த எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

லினக்ஸ் எதைச் செய்யாது என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். டாலியில் கணக்கு எழுதுபவர், ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துபவர், இவர்கள் விண்டோஸை முழுவதும் கைவிட முடியாது. ஜிஎஸ்டி போன்ற தளங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடும் யுஎஸ்பி டோக்கன் வைத்திருப்பவர்கள், தங்கள் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். அச்சுப்பொறியில் இரண்டு வகை. ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கும் புதியவை டிரைவரே இல்லாமல் வேலை செய்கின்றன. கணக்கு வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடும் பழைய மலிவு லேசர் வகைகள் நிறுவனத்தின் தனி டிரைவர் இல்லாமல் நகராது. என் வீட்டில் இருப்பது இரண்டாம் வகை. அதற்காக மட்டும் விண்டோஸ் ஒரு மூலையில் இணையம் இல்லாமல் இருக்கிறது.

அப்படி இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் ஒரு விஷயத்துக்குப் பயப்படவேண்டாம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. பேட்டரி போகவில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் விண்டோஸ் டிரைவை லினக்ஸில் படிக்கலாம், எழுத முடியாது.

இப்போது வீட்டுக் கணினியில் நிரந்தரமாக இருப்பது மிண்ட். நான் இல்லாத நேரத்திலும் மற்றவர்கள் அதை நம்பி உட்காருகிறார்கள் என்பதே காரணம். என் வேலைக்கென்று இருக்கும் மடிக்கணினியில் டம்பிள்வீட் பிளாஸ்மாவோடு ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். ஊரில் சித்தப்பா வீட்டில் டெபியன் போட்டுவைத்திருக்கிறேன். எப்போதாவது போகும்போது அப்டேட் செய்தால் போதும்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதுவும் டெபியன் வழி வந்ததுதான். 2 ஜிபி ராமோடு பிரவுசரைத் திறப்பது இன்று கடினம். ராமை 4 ஜிபி ஆக்கி ஒரு சிறிய எஸ்எஸ்டியும் போட்டு, டெபியன் எக்ஸ்எஃப்சிஇயோ மிண்ட் எக்ஸ்எஃப்சிஇயோ நிறுவினால், பள்ளிப் பாடமும் தமிழ் தட்டச்சும் தாராளமாக நடக்கும். நிறுவுவதற்கு முன் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் அதை மறுபடி மாட்டவேண்டாம். அந்த மாடல் சார்ஜரில் மட்டும் ஓடுமானால் அதுவே போதும்.